இடப்பக்கம் வராத பிள்ளை

பூசான்
3 செப்டம்பர் 1984

அன்புத் தங்கை யுன்னோக்குக்கு,

அக்கா மான்சுக் எழுதுகிறேன். வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது. இங்கே நாங்கள் எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீ, மாப்பிள்ளை, உன் மாமியார், என் பட்டுக்குட்டி நாரே எல்லோரும் எப்படி என்று ஆள்வாரியாக எழுது. ‘எல்லோரும் சௌக்கியம்’ என்று ஒரே வரியில் முடித்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

போன வாரம் உங்கள் கோஜின் துறைமுகத்து மீன் லாரிக்காரர் ஒருவர் நம் கடைக்குச் சூப்பும் சோறும் சாப்பிட வந்தார். ஊர்ப்பெயரைக் கேட்டதும் கூட இரண்டு துண்டு பன்றிக்கறி போட்டு, மாப்பிள்ளை பெயரைச் சொல்லி வாயைக் கிளறினேன். “ஓ, கிதேக் சம்சாரமா? ஆகஸ்ட் மாசத்துல ஒரு கையில மட்டும் முழங்கை வரைக்கும் கம்பளி உறை மாட்டிக்கிட்டுத் திரியுற ஒரே பொம்பள அவங்கதாங்க” என்றார்.

ஆக, பிரசவத்தில் வந்த உன் கைவலி போகவில்லை. போகவில்லை என்று நீ எனக்கு எழுதவும் இல்லை.

பிள்ளை பெற்றவள் மூன்று வாரம் சூடான தரையை விட்டு எழக்கூடாது, பச்சைத் தண்ணீரைத் தொடக்கூடாது, மேலே காற்றுப் படக்கூடாது. நமக்கு அம்மா இல்லை. அம்மாவுக்குப் பதிலாக வந்தவள் நான். ஒன்பதாம் நாள் என் மாமனார் கண்ணை மூடினார். போனேன். சாவு வீட்டுக்குப் போனவள் பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் கட்டுகிற காப்புக்கயிற்றைத் தாண்டி மறுபடி உள்ளே வரக்கூடாது; அதனால் வரவில்லை. உன் மாமியாருக்கோ கணவாய் மீன் காயப்போடுகிற பருவம். நீயே எழுந்து பச்சைத் தண்ணீரில் பிள்ளைத் துணி அலசினாய். காற்று புகுந்துகொண்டது. யாரைக் குறை சொல்ல? மாமனார் என்ன நாள் பார்த்தா சாவார்?

ஆனால் இதற்கு மருந்து உண்டு. சந்தையில் பல பிரசவம் கண்ட பெண்களை எல்லாம் கேட்டுவிட்டேன். ஒரே வாயாகச் சொல்கிறார்கள்: பிரசவத்தில் புகுந்த காற்று இன்னொரு பிரசவத்தில்தான் வெளியேறும். ஆகவே இன்னொன்று பெற்றுக்கொள். இந்தத் தடவை கடையைப் பூட்டிவிட்டு மூன்று வாரமும் உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். மாமனார் ஏற்கெனவே போய்விட்டார். இனிப் போக ஆள் இல்லை.

பிரசவச் சூப்புக்குக் கடற்பாசி இப்போதே வாங்கி அனுப்பியிருக்கிறேன். பிள்ளை பெறுகிறவளுக்கு என்பதால் மடிக்காமல், விலை பேசாமல் வாங்கினேன். நான் விலை பேசாததைப் பார்த்துக் கடைக்காரிக்குத்தான் மயக்கம் வந்துவிட்டது.

பதில் உடனே வேண்டும்.

உன் அக்கா


கோஜின்
30 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

யுன்னோக்கின் வணக்கம். அத்தானுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? பெரியவன் கணக்கில் தேறிவிட்டானா? ஆள்வாரியாகக் கேட்டிருந்தாய். அத்தை நலம். இந்த வருடமும் கணவாய் காயப்போடுவதில் துறைமுகத்திலேயே அவர்தான் முதல். நாரே அப்பா நலம். நாரே பேச்சை நிறுத்துவதே இல்லை. நேற்றுக் கடலைக் காட்டி, “இதை யாரு கழுவுறாங்க?” என்று கேட்டாள்.

உன் பாசி வந்து சேர்ந்தது. கதவு நீளம் இருக்கிறது. மடிக்கக்கூடாது என்று அத்தை அதைக் கூரைக் கட்டையில் தொங்கவிட்டுவிட்டார். கடலிலிருந்து வந்த நாரே அப்பா தலையில் இடித்துக்கொண்டு, “யாருக்குடி பிரசவம்? எனக்குத் தெரியாம?” என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

அறுவடைப் பண்டிகைக்கு அரிசிப் பலகாரம் செய்தோம். நாரேக்குப் புது உடுப்பு மஞ்சளில் தைத்தேன். அத்தை அவளை முதுகில் கட்டிக்கொண்டு நம் அம்மா, அப்பா சமாதிக்கு மலை ஏறினார். நான் பலகாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கைக்கு ஒன்றுமில்லை அக்கா. காற்றடித்தால் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். லாரிக்காரர்கள் பேச்சைக் கேட்டுக் கறியை வாரி இறைக்காதே.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

யுன்னோக்


பூசான்
16 அக்டோபர் 1984

யுன்னோக்குக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். அத்தான் முதுகு பழைய கதைதான், பெரியவன் கணக்கும் பழைய கதைதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவளே, நான் கேட்டது என்ன, நீ எழுதியது என்ன? இன்னொரு பிள்ளை என்று ஒரு பக்கம் எழுதினேன். நீ பாசியைப் பற்றி எழுதுகிறாய், நாயைப் பற்றி எழுதுகிறாய். மாப்பிள்ளை வேண்டாம் என்கிறாரா? இல்லை நீயா? பெண் பிறந்துவிடும் என்று பயமா? பிறந்தால் பிறக்கட்டும், நாம் இரண்டும் பெண்கள்தானே, என்ன கெட்டுப்போனோம்?

இன்னொன்று. நீ அனுப்பிய படங்களை எல்லாம் நேற்று மேசையில் பரப்பிப் பார்த்தேன். நாரே உன் மாமியார் முதுகில் இருக்கிறாள். மாப்பிள்ளை தோளில் இருக்கிறாள். மீன் பெட்டி மேல்கூட உட்கார்ந்திருக்கிறாள். உன் மடியில் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. மடியில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. கடைச் சுவரில் மாட்ட வேண்டும்.

இத்துடன் காய்ந்த மாசிப்பத்திரி இலை உருண்டைகள் அனுப்பியிருக்கிறேன். வலிக்கிற இடத்தில் வைத்துக் கொளுத்திச் சூடு காட்டு. எங்கெங்கே வலிக்கிறது என்றும் எழுது. காற்று மணிக்கட்டில் இறங்கியிருக்கிறதா, முழங்காலிலும் உண்டா என்று தெரிந்தால் மருந்துக்காரரிடம் கேட்கலாம்.

பதிலில் நாய் வரக்கூடாது.

அக்கா


கோஜின்
11 நவம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். மலை உச்சி வெளுத்துவிட்டது.

மாசிப்பத்திரிச் சூடு காட்டினோம். நன்றாக இருந்தது. படம் ஒன்று வைத்திருக்கிறேன். மடியில் உட்கார மாட்டேன் என்கிறாள், ஓடுகிற வயது. அதனால் நின்றுகொண்டே எடுத்தோம்.

இந்த மாதக் கடைசியில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிறோம். நூறு கோஸ். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வருகிறார்கள், கைக்குப் பஞ்சமில்லை. நீ கடையை விட்டுவிட்டு வர வேண்டாம். பஸ்ஸும் நாள் முழுக்க ஆகும், உனக்கு வாந்தி வரும். வர வேண்டாம் அக்கா. வசந்தத்தில் வா.

யுன்னோக்


பூசான்
1 டிசம்பர் 1984

யுன்னோக்குக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இரண்டு தடவைதான் வாந்தி. உன் மாமியார் கட்டிக்கொடுத்த கிம்ச்சிச் சாடி உடையாமல் வந்தது. பஸ் முழுக்க மணந்தது, ஓட்டுநர் ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்றார்.

வராதே என்று ஒரு கடிதத்தில் அத்தனை தடவை எழுதினால் எந்த அக்கா வராமல் இருப்பாள்? அங்கே உன் முகத்துக்கு நேரே கேட்க முடியவில்லை. எந்நேரமும் சுற்றிலும் ஆள். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடு.

முற்றத்தில் நீ உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாய். நான் பின்னால் வந்து, “ஏய், யாரு வந்திருக்கா பாரு” என்று உன் இடது கையைப் பிடித்து இழுத்தேன். சத்தம்கூட வரவில்லை உன்னிடமிருந்து. முகம் கோஸ் மாதிரி வெளுத்து, அப்படியே தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டாய். நான் விளையாட்டு என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், வேறு யாரும் சிரிக்கவில்லை.

உன் மாமியார் என்னைச் சாடிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“சம்மந்தியம்மா, உங்ககிட்ட இவ ஒண்ணுமே சொல்லலையா?” என்றார்.

“என்ன சொல்லல?”

“நாரே முதல் பிறந்தநாளுக்கு மேசை போட்டு, ஊரே கூடியிருக்கு. எல்லாரும் குழந்தையைத் தூக்கிக் காட்டுன்னாங்க. தூக்குனா. இடது கைமேல தலை பட்டதும் கீழ போட்டுட்டா. பழத்தட்டு மேல விழுந்ததால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. அன்னைலருந்து இவ பிள்ளையைத் தூக்குறதே இல்ல. அதுக்கு முன்னயும் பால்கூடத் தரையில போட்டுப் பக்கத்துல படுத்துத்தான் குடுப்பா. பொம்பளப் பிள்ளைன்னு பிடிக்கலன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனா நான் மூடிட்டேன். நடுச்சந்தையில நின்னு கத்துனேன். அதுக்கப்புறம் ஒருத்தி பேசல. ஊர் வாயை மூட முடிஞ்ச எனக்கு இவ வாயைத் திறக்க முடியல, சம்மந்தியம்மா.” அழுதுவிட்டார். மிளகாய்த்தூள் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் அழுதார்.

யுன்னோக், இரண்டு வருடம். எனக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்கிறாய். ஒரு வரி?

அப்புறம் நான் நாரேயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கண்டால் ஓடி வருகிறாள். கிட்டே வந்ததும் நிற்கிறாள். பள்ளத்தைச் சுற்றிப் போகிற வண்டி மாதிரி உன் முதுகுப் பக்கமாகச் சுற்றி, வலது பக்கம் வந்து பாவாடையைப் பிடிக்கிறாள். ஒரு தடவைகூட தப்பவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது?

மறுநாள் நீ உறையைக் கழற்றிவிட்டு வெந்நீரில் பாத்திரம் கழுவும்போது அவளிடம் மெல்லக் கேட்டேன், “அம்மாவுக்கு எங்கடி வலி?” உன் கையில் முழங்கை மடிப்புக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி ஒரு இடத்தைக் காட்டினாள். தொடாமல், விரலை மேலேயே வைத்துக் காட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். நீல மை பட்டது போல ஒரு பொட்டு. மிளகைவிடச் சின்னது.

எனக்கும் இரண்டாவது பிரசவத்தில் காற்று புகுந்ததுதான். அது இன்று முழங்காலில் இருக்கும், நாளை இடுப்புக்குப் போகும், மழைக்கு மணிக்கட்டுக்கு வரும். நாடோடி. உன்னுடையது மூன்று வருடமாக ஒரே இடத்தில் குடியிருக்கிறது. அது காற்றாக எனக்குத் தோன்றவில்லை. காங்னுங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. அதுவரை இன்னொரு பிள்ளை பேச்சை நான் எடுக்கவில்லை.

நாரேக்கு என் முத்தம். வலது பக்கமாகவே கொடு, பரவாயில்லை.

அக்கா


பூசான்
26 டிசம்பர் 1984

யுன்னோக்,

பதில் இல்லை. கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுது. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தான் தினமும் தபால்காரரிடம் கேட்டுக் கேட்டு அவர் இந்தத் தெருப் பக்கமே வரப் பயப்படுகிறார்.

அக்கா


கோஜின்
20 ஜனவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் தாமதமாக வருவதற்கு மன்னித்துவிடு. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மியோங்தே மீன் பருவம் உச்சத்தில் இருக்கிறது. விடிந்தால் துறைமுகம், மீனைக் கீறிக் குடல் எடுக்கிற வேலை. கம்பளிக்கு மேல் கம்பளி சுற்றி, அதற்கு மேல் ரப்பர் உறை. வலது கையால் கீறுகிறேன், இடது கையால் சும்மா மீனை அழுத்திப் பிடிக்கிறேன். நாரேக்குச் சளி பிடித்து விட்டது, இப்போது சரி.

கோபம் இல்லை அக்கா. உன் கடிதத்தை அடுப்பில் போடவும் இல்லை. அதை எடுத்து எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் போகாதவள் இல்லை. அவள் விழுந்த அடுத்த வசந்தத்தில் யாருக்கும் சொல்லாமல் சொக்சோவில் இரண்டு டாக்டர்களிடம் போனேன். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் கையைப் பார்க்கவே இல்லை. “வீட்ல மாமியார் கொடுமையா? மனசுல எதையோ அடக்கி வெச்சிருக்கீங்க, அதுதான் கைல வலிக்குது” என்றார். அத்தைக்கு இது தெரிந்தால் அந்த ஆளை மீன் கத்தியோடு தேடிப் போவார்.

எல்லோரும் காற்று என்று சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. காற்று என்றால் ஒரு காரணம் இருக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் வருகிற ஒன்று. இப்போது நீ காற்று இல்லை என்கிறாய். மூன்றாவது டாக்டரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? அப்போது மிச்சம் இருப்பது ஊரார் சொன்னதுதான். நான்தான் என் பிள்ளையைத் தூக்கப் பிடிக்காதவள். என் மனசுதான் அவளைக் கீழே போட்டது. அக்கா, சில நாள் எனக்கே அப்படித் தோன்றிவிடுகிறது. அவள் என் பக்கம் ஓடி வரும்போது என் உடம்பு பின்வாங்குகிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பின்வாங்குகிற உடம்பு. அதை அவள் பார்க்கிறாள். பார்த்துவிட்டுச் சுற்றி வருகிறாள்.

இன்னொன்று பெற்றுக்கொள் என்றாய். ஒன்றையே தூக்காதவள் அக்கா நான்.

மூன்றாவது தடவை கேட்கத் தெம்பில்லை. என்னை வற்புறுத்தாதே.

எல்லோருக்கும் என் அன்பு.

யுன்னோக்


பூசான்
26 ஜனவரி 1985

என் கண்ணே யுன்னோக்,

நலம் விசாரிக்க இன்று பொறுமை இல்லை.

பழத்தட்டில் விழுந்த பிள்ளையை நினைத்து இரண்டு வருடம் ஒரு கையைப் பொத்திக்கொண்டு திரிகிறவளா பிள்ளையைப் பிடிக்காதவள்? உனக்குப் பிடிக்காமல் போயிருந்தால் இரண்டாம் நாளே மறந்திருப்பாய். இதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

மூன்றாமவர் ஒன்றுமில்லை என்றால் நாலாமவரிடம் போவோம். நாலாமவரும் ஒன்றுமில்லை என்றால், இருக்கிறது என்று நான் சொல்கிறேன். என் கண்ணால் பார்த்தேன். நீல நிறம். நாரேயும் சாட்சி. இரண்டு சாட்சி போதாதா?

பிப்ரவரியில் புது வருடப் பண்டிகை முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். பண்டிகைக்கு அடுத்த திங்கள்கிழமை காலையில் காங்னுங் பஸ் நிலையத்தில் நில். உன் மாமியாரையும் நாரேயையும் கூட்டிக்கொண்டு வா. நீ வராவிட்டால் நான் கோஜினுக்கு வந்து மீன்சந்தையில் நின்று கத்துவேன். உன் மாமியாருக்கு மட்டும்தான் கத்தத் தெரியும் என்று நினைக்காதே.

அக்கா


கோஜின்
14 மார்ச் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தந்தி அந்தத் திங்கள்கிழமைக்கு முந்தின நாளே வந்துவிட்டது. கொதிக்கிற சூப்பைக் காலில் கொட்டிக்கொண்டாயாமே. கொப்புளம் ஆறிவிட்டதா? உடைத்துவிடாதே. வர முடியவில்லையே என்று அழுதாய் என்று அத்தான் தனியாக ஒரு அட்டை போட்டிருந்தார். அழாதே. நாங்கள் போய்விட்டு வந்தோம்.

நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அத்தை அன்று விடிந்ததும் நாரேயை முதுகில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். “நீ வந்தா வா, வராட்டி நானும் என் பேத்தியும் போய் உன் கை வலியைச் சொல்லிட்டு வர்றோம்” என்றார். பிறகு நான் எங்கே நிற்பது?

டாக்டர் ஒரு பெண். என்னைவிட இளையவர். என் முகத்தைப் பார்த்துக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார். எந்த இடம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நாரே முன்னால் வந்து விரலை மேலே வைத்துக் காட்டினாள். “தொடாதீங்க, அங்க அம்மா இருக்காங்க” என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. “சரி, மெதுவாத் தொடறேன்” என்று அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டார்.

ஒரு குண்டூசியை எடுத்து அதன் கொண்டைப் பக்கத்தால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே வந்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பிறகு அந்த நீலத்தில் வைத்தார். நான் நாற்காலியோடு எழுந்துவிட்டேன். “மன்னிச்சுக்கோங்க, ஒரே ஒரு தடவை பனிக்கட்டி” என்றார். அதற்கும் அப்படித்தான். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை மேல்கையில் சுற்றி, கை முழுக்க வெளுக்கும்வரை காற்றடித்தார். மறுபடி குண்டூசிக் கொண்டையை அதே இடத்தில் வைத்து அழுத்தினார்.

வலிக்கவில்லை அக்கா.

அத்தை நம்பவே இல்லை. “நல்லா அமுக்குங்க டாக்டரம்மா, சும்மா தடவுனா எப்படி?” என்றார். டாக்டர் நன்றாக அமுக்கினார். வலிக்கவில்லை. காற்றை இறக்கியதும் திரும்பி வந்தது. “ரத்தம் நின்னா வலி நிக்குது. அப்படின்னா இது ரத்தக்குழாய் முடிச்சு. உங்க மனசு இல்லை” என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் அவரிடம் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். நாரே டாக்டரை அடிக்கப் போய்விட்டாள்.

தோலுக்கு அடியில் குளிரையும் சூட்டையும் பார்த்து ரத்தத்தை விடுகிற சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றனவாம். அதில் ஒன்று கட்டியாக வளர்ந்துவிட்டது. கெட்ட கட்டி இல்லை, பரவாது. பெரும்பாலும் விரல் நகத்துக்கு அடியில்தான் வருமாம். கையில் இந்த இடத்தில் வந்ததை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறாராம். அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை என்றார். அத்தை, “அப்போ காத்து?” என்று கேட்டார்.

“காத்துக்கு இதுல பங்கே இல்லைங்க.”

“பச்சத் தண்ணியில துணி அலசினாளே?”

“மூணு மாசம் படுத்தே கிடந்திருந்தாலும் இது வந்திருக்கும்.”

அத்தை மேசைமேல் இருந்த தாளை டாக்டர் பக்கம் நகர்த்தினார். பிறகு, “இதை எழுதிக் குடுங்க. இவ அக்காவுக்கு அனுப்பணும்” என்றார். டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை, நான் எழுதுகிறேன். அக்கா, நீ ஒன்பதாம் நாள் போனதால் வந்தது இல்லை. இருபத்தொரு நாளும் என் தலைமாட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கும். உன் மாமனாரை இனி நிம்மதியாகத் தூங்க விடு.

மார்ச் ஆறாம் தேதி மரத்துப்போகிற ஊசி போட்டு வெட்டி எடுத்தார்கள். பார்க்கவேண்டும் என்றேன். ஒரு தட்டில் காட்டினார்கள். வாற்கோதுமை மணி அளவு, சிவப்பும் நீலமுமாக. இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு சின்னது எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தது.

தையல் பிரித்தாயிற்று. பச்சைத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன். வெறும் குளிர்ச்சியாக இருந்தது.

காலைப் பார்த்துக்கொள்.

யுன்னோக்


பூசான்
23 மார்ச் 1985

என் தங்கமே,

கால் ஆறிவிட்டது, வடுதான் மிச்சம். உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே படித்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உன் அத்தான் மட்டும், “இன்னைக்கு வெங்காயம் வெட்டவே இல்லையே” என்றார். அவர் வாயைக் கரண்டியால் அடைத்தேன்.

மூன்று வருடமாக ஒவ்வொரு குளிர்காலமும் அந்த ஒன்பதாம் நாள் என் தொண்டையில் நின்றது. இன்றுதான் விழுங்கினேன். இன்னொன்று பெற்றால் போகும் என்று சொன்ன சந்தைப் பெண்களிடம் எல்லாம் போய்ச் சொல்லிவிட்டேன், அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. கிடக்கட்டும். பெறுவதும் பெறாததும் இனி உன் பாடு, மாப்பிள்ளை பாடு. நான் வாயைத் திறந்தால் என்னைக் கேள்.

ஒன்றே ஒன்று மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். உன் பழக்கம் எனக்குத் தெரியாதா?

தூக்கினாயா?

அக்கா


கோஜின்
12 மே 1985

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வசந்தம் வந்துவிட்டது, நாங்கள் எல்லோரும் நலம். உன் கேள்விக்குப் பதில் எழுத இத்தனை நாள் காத்திருந்தேன். ‘ஆமாம்’ என்று எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். இனியும் காக்க வைத்தால் நீ தபால்காரரை அடித்துவிடுவாய்.

இல்லை அக்கா.

எனக்கு வலி போய்விட்டது, அவளுக்குப் போகவில்லை. இடது கையை நீட்டி வா என்றால் நிற்கிறாள். “அங்க அம்மாவுக்கு வலிக்கும்” என்கிறாள். வலிக்காதுடி, டாக்டர் எடுத்துட்டாங்க, பார் என்று நானே அந்த வடுவைக் குத்திக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிட்டாள். மிட்டாயை இடது கையில் வைத்து நீட்டினேன். சுற்றி வந்து வலது கையில் கேட்டாள். பொம்மையைக்கூட வலது பக்கம்தான் இடுக்கிக்கொள்கிறாள். நான் பிடித்து வலுக்கட்டாயமாகத் தூக்கலாம். ஒரு தடவை அப்படிச் செய்தேன். உடம்பை மரக்கட்டையாக விறைத்துக்கொண்டு, எனக்கு வலிக்குமே என்று அவள் அழுதாள். இறக்கிவிட்டேன்.

“விடு. நடக்கக் கத்துக்கிட்ட மாதிரி இதையும் கத்துக்குவா” என்கிறார் அத்தை. அவருக்கென்ன, அவர் முதுகில்தானே எப்போதும். எனக்குத்தான் இந்தக் கை வெறும் கையாகத் தொங்குகிறது. வலி இருந்தபோது இதில் ஏதோ ஒன்று இருந்தது, இப்போது

அக்கா, மேலே பாதியில் நின்றிருக்கிறது, மன்னித்துக்கொள். இப்போது தொடர்கிறேன்.

எழுதிக்கொண்டிருந்தபோது துறைமுகப் பக்கமிருந்து பெரிய அழுகை கேட்டது. நாரே. வலைக்கயிற்றில் தடுக்கி விழுந்து இரண்டு முழங்காலும் சிராய்த்து ரத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன், கதவு என் இடது பக்கம். அவள் நிற்கவில்லை. சுற்றி வரவில்லை. நேரே வந்து என் இடது கைக்குள் விழுந்தாள்.

தலை சரியாக அந்த இடத்தில் வந்து மோதியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கனம் மட்டும் வந்தது. சூடான, வியர்த்த, மீன் நாற்றம் அடிக்கிற தலை. அவள் தலை இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது அக்கா.

அழுது அழுது அப்படியே தூங்கிவிட்டாள். எனக்கும் அசைய மனமில்லை. அத்தை உள்ளே வந்து பார்த்தார். பிறகு ஒன்றுமே பார்க்காதது போல, “கஞ்சி ஆறுது, எழுந்து வா” என்றார்.

“எழுந்திரிக்க முடியல அத்தை. கை மரத்துப்போச்சு.”

பதறிவிட்டார். “வலிக்குதா? ஐயோ, திரும்பி வந்துருச்சா?”

“வலி இல்ல அத்தை. சும்மா மரத்துப்போச்சு. பிள்ளையைத் தூங்க வைக்கிற எல்லா அம்மாவுக்கும் ஆகுமே, அது.”

“அதுவா” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கஞ்சியை எனக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. சின்ன மேசையை வலது பக்கம் இழுத்து வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாகப் போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. தாள் நழுவிக்கொண்டே இருக்கிறது, பிடித்துக்கொள்ள மறு கை இல்லை.

யுன்னோக்